லி ஹான்சியாங் படங்களை எதிலிருந்து பார்ப்பது?

கேள்வி: சீன இயக்குநர் லி ஹான்சியாங்கின் படங்களை முறையாகப் பார்க்க ஆசை. பட்டியலோ முடிவில்லாமல் போகிறது. சில படங்களுக்கு இடத்துக்கு இடம் ஆண்டு மாறுகிறது. எங்கே தொடங்கலாம்?

பதில்: ஆண்டு வரிசையில் போகாதீர்கள், பாதியில் அலுத்துவிடும். ஹாங்காங்கில் ஷா பிரதர்ஸ் பட நிறுவனம் எடுத்த 'தி லவ் எடர்ன்' (1963) படத்தை முதலில் பாருங்கள். ஹுவாங்மெய் என்னும் இசைநாடக மரபில் வந்தது. கதையைப் பாட்டுதான் நகர்த்துகிறது. ஆண் வேடமிட்டுப் படிக்கப் போகும் பெண்ணாக பெட்டி லோ டி. அவள் பெண் என்று அறியாத தோழனாக நடிப்பவரும் ஒரு பெண்தான், ஐவி லிங் போ. லிங் போ சொந்தக் குரலில் பாட, லோ டிக்குப் பின்னணி பாடியவர் சின் டிங்.

படத்தின் உயிர் அந்த வழியனுப்பும் காட்சி. தான் பெண் என்பதை அவள் பாட்டில் ஜாடையாகச் சொல்லிக்கொண்டே வருகிறாள், அவனுக்கு உறைக்கவே இல்லை. பாட்டுக்கு சப்டைட்டில் இல்லாத பிரதியில் இரண்டு பேர் நடந்து போவது மட்டும்தான் தெரியும். ஆகவே ஏதாவது ஒரு பாட்டை ஓட்டிப் பார்த்துவிட்டு உட்காருங்கள்.

அடுத்து திரையின் அகலம். மூலத்தில் அகலம் உயரத்தைப்போல் 2.35 மடங்கு (2.35:1). பழைய டிவிக்காக 4:3 அளவில் வெட்டிய பிரதியில் காட்சியில் நாற்பது சதவீதத்துக்கு மேல் போய்விடும். லி ஓவியம் படித்தவர்; தூண், திரைச்சீலை, ஓரத்தில் நிற்கும் பணிப்பெண் எல்லாமே கணக்கோடு வைத்தவை. செலஸ்டியல் நிறுவனம் புதுப்பித்த, மாண்டரின் (சீன மொழி) ஒலியுள்ள பிரதியே நல்லது.

பிறகு பின்னால் போய் 'என்சான்டிங் ஷேடோ' (1960), கான் திரைப்பட விழாவில் தொழில்நுட்பப் பரிசு பெற்ற 'தி மேக்னிஃபிசன்ட் கான்குபைன்' (1962) இரண்டையும் பாருங்கள்.

ஆண்டுக் குழப்பம் பெரும்பாலும் அவருடைய தைவான் காலத்தில்தான். 1963-இல் ஷாவை விட்டு விலகி, அங்கே குவோலியன் என்ற சொந்த நிறுவனம் தொடங்கினார். 'ஷி ஷி' இரண்டு பாகமாக வந்ததால் 1965, 1966 என்று இரண்டு ஆண்டும் தென்படும். குவோலியனுக்காகப் பிறர் இயக்கியவற்றையும் அவர் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். டைட்டிலில் இயக்கம் யார் என்று பார்த்துக்கொள்ளுங்கள். நிறுவனம் கடனில் மூழ்கியபோது இயக்குநர்கள் கிங் ஹு, பாய் ஜிங்ருய், லி ஷிங் மூவரும் அவருக்குக் கைகொடுக்கச் சேர்ந்து, நால்வருமாக எடுத்தது 'ஃபோர் மூட்ஸ்' (1970). இந்தக் காலத்தில் ஒன்றே ஒன்று பார்க்க நேரமிருந்தால் 'தி விண்டர்' (1969). அரண்மனையும் ஆடம்பரமும் இல்லாமல், எளிய மனிதர்களின் சொல்லாத காதல். என் கணிப்பில் அவருடைய மிக மென்மையான படம்.

1970-களில் ஷாவுக்குத் திரும்பியபின் எடுத்த படங்களில் பல வயது வந்தோருக்கானவை; குடும்பத்தோடு பார்க்க எடுக்க வேண்டாம். 'தி எம்ப்ரஸ் டோவேஜர்' (1975) ஸ்டுடியோவில் கட்டிய அரண்மனை. அதைப் பார்த்த கையோடு பெய்ஜிங்கின் உண்மையான அரண்மனையிலேயே படம்பிடித்த 1983-இன் இரட்டைப் படங்களைப் போடுங்கள்: முதலில் 'தி பர்னிங் ஆஃப் இம்பீரியல் பேலஸ்', அடுத்து 'ரெய்ன் பிஹைண்ட் எ கர்ட்டன்'. 1975 படத்தில் முதிர்ந்த அரசியாக வரும் அதே சீன அரசி சிஷிதான் இவற்றில் இளம்பெண்.