இருட்டில் ஒளிரும் நட்சத்திர ஸ்டிக்கரில் ரேடியம் இருக்கிறதா? குழந்தை அறையில் ஒட்டலாமா?

ஒட்டலாம். அதில் ரேடியம் கிடையாது. வீட்டில் சிறு குழந்தை இருக்கும், யாரோ உங்களைப் பயமுறுத்தியிருப்பார்கள். அதே பயத்தால் நஷ்டப்பட்டவன் நான், அதனால்தான் எழுதுகிறேன்.

கேரள எல்லையில் இருக்கும் புளியரையில் ஸ்டிக்கர் கடை வைத்திருக்கிறேன். மலைக்கு அந்தப் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில், பிள்ளைகள் படுக்கும் அறையின் கூரை முழுக்க நட்சத்திரம் ஒட்டும் வேலை கிடைத்தது. இரண்டு நாள் ஏணியில் அண்ணாந்து நின்றே ஒட்டினேன். மூன்றாம் நாள் நிர்வாகி கூப்பிட்டு, "இது ரேடியமல்லே? பிள்ளைகளுக்குப் புற்றுநோய் வராதா?" என்றார். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. ஒட்டிய கையாலேயே சுரண்டி எடுத்தேன். கூலியும் வரவில்லை, சரக்கின் விலையும் வரவில்லை.

எல்லாம் அந்தப் பெயரால் வந்த வினை. லாரியின் பின்னால் ஒட்டும் சிவப்பு வெள்ளைப் பட்டையையும் நாம் ரேடியம் என்றே சொல்கிறோம். அது ஒளிர்வதே இல்லை, தன் மேல் விழும் வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்புகிறது, அவ்வளவுதான். உண்மையான ரேடியம் பழைய கைக்கடிகார எண்களில் இருந்தது. 1920-களில் அமெரிக்காவில் அந்த எண்களுக்குச் சாயம் பூசிய பெண்கள் பலர், தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கியதால் தாடை எலும்பு அரித்து இறந்தார்கள். அந்தப் பயத்தை நான் குறை சொல்லவில்லை.

இப்போது வரும் நல்ல நட்சத்திரங்களில் இருப்பது ஸ்ட்ரான்சியம் அலுமினேட் என்ற ஒளிரும் பொடி. அதில் யூரோப்பியம், டிஸ்ப்ரோசியம் என்ற உலோகங்கள் துளி கலந்திருக்கும். 1990-களில் ஜப்பானில் உருவானது. ஸ்ட்ரான்சியம் என்றதும் அணு உலைக் கழிவு என்று சண்டைக்கு வருவார்கள். அது ஸ்ட்ரான்சியம்-90, இது இயற்கைக் கனிமத்தில் கிடைக்கும் சாதாரண ஸ்ட்ரான்சியம், கதிரியக்கம் இல்லாதது. வியாபாரி தன் சரக்கை விட்டுக்கொடுக்க மாட்டான் என்று நினைப்பவர்கள் இதை நீங்களே செய்து பாருங்கள். ஒரு நாள் முழுக்க இருட்டில் கிடந்த ஸ்டிக்கர் தாளை எடுத்து, அதன் மேல் கையை விரித்து வைத்து, டியூப்லைட்டைக் கொஞ்ச நேரம் போட்டு, விளக்கை அணைத்துவிட்டுக் கையை எடுங்கள். பச்சை வெளிச்சத்தின் நடுவே ஐந்து விரலும் கறுப்பாகத் தெரியும். வெளிச்சம் படாத இடம் ஒளிராது. ரேடியமாக இருந்தால் கை மறைத்த இடமும் ஒளிர்ந்திருக்கும்.

ஒளி மங்கிய பிறகு, சூடான டீ கிளாஸை அதன் மேல் வைத்து எடுங்கள். அடிவட்டம் மட்டும் பளிச்சென்று தெரியும். வெளிச்சம் தந்த ஆற்றல் உள்ளே சிக்கிக் கிடக்கிறது, சூடு அதை வேகமாக வெளியேற்றுகிறது. கொஞ்ச நேரத்தில் அந்த வட்டம்தான் முதலில் இருண்டுபோகும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். நட்சத்திரத்துக்குப் பயப்படும் ஊரில், ராத்திரி முழுக்க ஜல்லியும் எம் சாண்டும் ஏற்றிக் கேரளாவுக்குப் போகும் லாரிகளின் பின்பட்டையில் சேறு அப்பிக் கிடப்பதைக் கேட்க ஆளில்லை. புளியரை வளைவில் பைக்கில் ஒருமுறை வந்து பாருங்கள், முன்னால் நிற்கும் லாரி முட்டும் தூரத்தில்தான் தெரியும். ஒரு துணியால் துடைத்தால் போதும், அதைக்கூடச் செய்வதில்லை.

உங்கள் வீட்டுக்கு வருகிறேன். கட்டில் சட்டத்தில் ஒட்டாதீர்கள், குழந்தை பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளும். கூரையில் ஒட்டுங்கள். சிவப்பு ஜீரோ வாட் பல்பின் வெளிச்சத்தை அது ஏற்காது, படுக்கும் முன் பத்து நிமிடம் வெள்ளை விளக்கைப் போடுங்கள்.