திங்கட்கிழமை அரண்மனை பூட்டியிருக்கும்

வாசகர் கேள்வி – பதில்: குமரி மாவட்டம் சுற்றிப் பார்க்க

கேள்வி: ஞாயிறு காலை நாகர்கோவிலில் ரயில் இறங்குகிறோம். திங்கள் இரவு திரும்ப டிக்கெட். முதல் நாள் கன்னியாகுமரி, மறுநாள் பத்மநாபபுரம் அரண்மனை, மாத்தூர் தொட்டிப்பாலம், திற்பரப்பு அருவி என்று போட்டிருக்கிறோம். அம்மாவுக்கு 72 வயது, முழங்கால் வலி உண்டு. இரண்டு சின்னப் பிள்ளைகள். இது சரியாக வருமா?
– வாசகர், ஈரோடு

பதில்: வராது. இரண்டு நாளையும் அப்படியே மாற்றிப் போடுங்கள். அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. தக்கலை வரை வந்து பூட்டிய வாசலைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் வாராவாரம் இருக்கிறார்கள். மாற்றிப் போடுவதில் இன்னொரு லாபம், கன்னியாகுமரிப் படகுத்துறையில் ஞாயிறு நிற்கும் வரிசையில் நீங்கள் மாட்டிக்கொள்ள மாட்டீர்கள்.

ஞாயிறு: நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் சாலையில் சுமார் 15 கிலோமீட்டர் தக்கலை. அங்கிருந்து வலப்பக்கம் பிரிந்தால் 2 கிலோமீட்டருக்குள் அரண்மனை. காலையிலேயே உள்ளே போய்விட வேண்டும். மதியச் சாப்பாட்டுக்கு டிக்கெட் கவுன்டரை மூடுவார்கள். பதினொன்றரைக்கு மேல் வந்தால் பாதி பார்க்கும்போதே அவசரப்படுத்துவார்கள். இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். செருப்பை வாசலில் விட வேண்டும். படிகள் குறுகலானவை, செங்குத்தானவை, வாசல் நிலைகள் தாழ்வானவை. உயரமானவர்கள் தலையைக் குனிந்தே நடக்கப் பழகிக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு மாடி வேண்டாம். முதல் அறையான பூமுகமும் நவராத்திரி மண்டபமும் பார்த்தாலே அவர் வந்ததற்குப் பலன்.

சாப்பாடு முடித்து, குலசேகரம் வழியாகத் திற்பரப்பு. குளித்து முடித்து நாலு, நாலரைக்கு மாத்தூர். இதை முன்பின்னாக மாற்றாதீர்கள். தொட்டிப்பாலத்தின் மேல் நிழல் என்பதே கிடையாது; உச்சி வெயிலில் ஏறினால் கான்கிரீட் சூடு காலுக்குத் தெரியும். பாலம் 1966-இல் கட்டியது. பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரம், 1240 அடி நீளம், 28 தூண்கள். ஒரு மலையிலிருந்து அடுத்த மலைக்குத் தண்ணீரைக் கடத்துகிற வாய்க்கால்தான் அது; மனிதர்கள் நடப்பது அதன் ஓரத்து நடைபாதையில். மேலே ஒரே சமதளம் என்பதால் அம்மா தாராளமாக நடக்கலாம். ஆற்றங்கரைக்கு இறங்கும் படிக்கட்டுப் பக்கம் மட்டும் போக வேண்டாம். இறங்குவது எளிது, ஏறும்போதுதான் முழங்கால் பேசும்.

வழியில் திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாளைப் பார்க்க ஆசைப்பட்டால் மாலை நடை திறந்த பிறகே போங்கள். 22 அடி நீளச் சயனக் கோலம். மூன்று வாசல்கள் வழியாக மூன்று பாகமாகத்தான் தெரியும். ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும்.

திங்கள்: விடிகாலை கன்னியாகுமரி, சூரிய உதயம், அப்படியே குமரி அம்மன் தரிசனம். காலை 8 மணிக்கு விவேகானந்தர் பாறைக்குப் புறப்படும் முதல் படகுக்கு ஏழரைக்கே டிக்கெட் வரிசையில் நில்லுங்கள். பதினொன்றரைக்குள் கரை திரும்பிவிடலாம். காந்தி மண்டபம் பக்கத்திலேயே இருக்கிறது. மதியம் ஓய்வு. மாலை ஐந்து மணி வாக்கில் நாகர்கோவில் திரும்பும் வழியில் சுசீந்திரம். பகலில் போனால் நடை சாத்தியிருக்கும். அங்குள்ள ஒரே கல்லில் குடைந்த இசைத்தூண்களைக் கையாலோ சாவியாலோ தட்டிப் பார்க்காதீர்கள். அவை தேய்ந்ததே அப்படித் தட்டியவர்களால்தான்.

கேள்வி: இரண்டு முறை வந்தும் திருவள்ளுவர் சிலைக்குப் படகு விடவில்லை. விவேகானந்தர் பாறைக்கு மட்டும் விட்டார்கள். காரணம் என்ன? இப்போதாவது போக முடியுமா?
– வாசகி, திருச்சி

பதில்: அது படகோட்டிகளின் பிடிவாதம் இல்லை. வள்ளுவர் பாறையைச் சுற்றிலும் நீருக்குள் பாறைகள். கடல் நீர்மட்டம் தாழும் நாட்களில் படகின் அடிப்பாகம் தட்டிவிடும். அலை கொஞ்சம் தூக்கினாலும் படகைத் துறையோடு ஒட்டி நிறுத்த முடியாது. விவேகானந்தர் பாறைத் துறையில் அந்தத் தொல்லை குறைவு. அதனால்தான் இரண்டு பாறைகளுக்கும் நடுவே கண்ணாடிப் பாலம் போட்டு 30 டிசம்பர் 2024-இல் திறந்தார்கள். 77 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். விவேகானந்தர் பாறையில் இறங்கி, நடந்தே வள்ளுவரிடம் போய்விடலாம்.

ஆனால் காற்று பலமாகி கடல் கொந்தளித்தால் முதல் படகே புறப்படாது. பாலம் இருந்தும் பயன் இல்லை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன், ஜூலை மாதங்களில் வருகிறவர்கள் படகைக் கடைசி நாளுக்குத் தள்ளி வைக்காதீர்கள். வந்த அன்றே விட்டால் ஏறிவிடுங்கள்.

இன்னொன்று, எப்போதாவது சிலையைச் சுற்றிச் சாரம் கட்டியிருப்பார்கள். உப்புக் காற்றில் கல்லுக்குள் இறங்கும் உப்பை எடுக்கிற வேலை அது. முதலில் கல்லைக் கழுவி, காகிதக் கூழைச் சிலை மேல் அப்புவார்கள். கூழ் காயும்போது கல்லுக்குள் இருக்கும் உப்பையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். அதை உரித்தெடுத்த பிறகுதான் ரசாயனப் பூச்சு. மாதக்கணக்கில் நடக்கும்; அந்தக் காலத்தில் சிலைப் பக்கம் அனுமதி இருக்காது.

சிலை 133 அடி என்பது எல்லோருக்கும் தெரியும். பீடம் 38 அடி, அது அறத்துப்பாலின் 38 அதிகாரம். அதன் மேல் நிற்கும் 95 அடிச் சிலை, பொருளும் இன்பமும் சேர்ந்த 95 அதிகாரம். சிலையை வடித்த கணபதி ஸ்தபதியின் கணக்கு. பாதம் வரை ஏற 140 படி.

கேள்வி: மே மாதம் வந்து கடலில் சூரியன் மறைவதைப் பார்க்க நின்றோம். கரைப் பக்கம் போய் மறைந்துவிட்டது. ஏமாற்றமாக இருந்தது.
– வாசகர், சேலம்

பதில்: மாதம்தான் தவறு. கோடையில் சூரியன் வடக்கே நகர்ந்து, வடமேற்கில் இறங்கும். நம் கரையும் முனையிலிருந்து அந்தத் திசையில்தான் ஓடுகிறது. அதனால் கரைக்குப் பின்னால் போய்விடுகிறது. ஐப்பசி முதல் மாசி வரை வாருங்கள், நேராகக் கடலுக்குள் இறங்கும். உதயத்துக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது; மேகம் விட்டால் வருடம் முழுக்கப் பார்க்கலாம். ஜூனில் 6 மணியை ஒட்டி, ஜனவரிக் கடைசியில் 6.40 வாக்கில் எழும். ஐந்து மணிக்கே எழுப்பிவிடும் விடுதிக்காரர்களை நம்பி ஜனவரியில் பிள்ளைகளின் தூக்கத்தைக் கெடுக்க வேண்டாம்.

சித்திரைப் பௌர்ணமியன்று மேற்கே சூரியன் மறைய, கிழக்கே நிலா எழும் என்று பெருங்கூட்டம் கூடுகிறது. உண்மையில் எந்தப் பௌர்ணமிக்கும் நிலா அந்தியை ஒட்டித்தான் எழும். கூட்டம் பிடிக்காதவர்கள் தை, மாசிப் பௌர்ணமிக்கு வரலாம்.

கேள்வி: பத்மநாபபுரத்தில் என்ன பார்ப்பது என்றே தெரியாமல் அறை அறையாக ஓடிவந்துவிட்டோம். எதை நின்று பார்க்க வேண்டும்? தமிழ்நாட்டில் இருக்கும் அரண்மனையில் கேரள ஊழியர்கள் இருப்பது ஏன்?
– வாசகி, மதுரை

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில். 1795 வரை இதுதான் திருவிதாங்கூரின் தலைநகரம். 1956 நவம்பர் 1-இல் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தபோதும் அரண்மனை கேரளத்தின் பொறுப்பிலேயே நின்றுவிட்டது. அந்த மாநிலத் தொல்லியல் துறைதான் பராமரிக்கிறது.

முதல் அறையான பூமுகத்திலேயே பத்து நிமிடம் நில்லுங்கள். அண்ணாந்து பார்த்தால் மரக் கூரையில் செதுக்கிய பூக்கள். ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. அங்கே சங்கிலியில் தொங்கும் குதிரை விளக்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் திருப்பிய திசையிலேயே நிற்கும். சங்கிலிக் கண்ணிகளின் பொருத்தம் அப்படி. (நீங்கள் திருப்ப வேண்டாம், காவலர் காட்டுவார்.)

அடுத்து தரை. கண்ணாடிபோல் கறுப்பாக மின்னுவதைப் பார்த்துப் பலர் கடப்பைக்கல் என்று நினைக்கிறார்கள். தேங்காய்ச் சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு இவற்றோடு தாவரச் சாறுகளும் சேர்த்துப் பூசி, தேய்த்துத் தேய்த்து மெருகேற்றியது. குனிந்து வெளிச்சத்துக்கு எதிராகப் பார்த்தால்தான் அருமை தெரியும். மன்னர் ஆலோசனை நடத்திய மந்திரசாலையில் சாய்வு மரச்சட்டங்கள் காற்றை விட்டு வெயிலைத் தடுப்பதையும் கவனியுங்கள். ஏப்ரலில் போனாலும் அந்த அறை குளிர்ந்தே இருக்கும்.

மரக் கட்டடங்களுக்கு நடுவே திடீரென்று கல் மண்டபம் வந்தால் அது நவராத்திரி மண்டபம். புரட்டாசியில் இங்கிருந்து சரஸ்வதியம்மன் யானை மேல் திருவனந்தபுரம் புறப்படுவார்; கூடவே வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும். அந்த நாட்களில் வந்தால் தேசிய நெடுஞ்சாலையில் வாகனம் நகராது, பார்த்து வாருங்கள்.

கேள்வி: திற்பரப்பில் எந்த மாதம் குளிக்கலாம்?
– வாசகர், விருதுநகர்

பதில்: மாதத்தைவிட அணையைப் பாருங்கள். திற்பரப்பில் விழுவது கோதையாறு. அதற்கு மேலே பேச்சிப்பாறை அணை. உள்ளூர் நாளிதழ்களில் தினமும் அணை நீர்மட்டம் வரும். பேச்சிப்பாறையின் முழு மட்டம் 48 அடி. 40-ஐத் தாண்டி மேலும் ஏறுகிறது, மழையும் விடவில்லை என்றால் உபரிநீரைத் திறப்பார்கள், அருவியில் தடை போடுவார்கள். திற்பரப்பில் வெயில் அடித்தாலும் மலையில் பெய்த மழைக்கு இங்கே வெள்ளம் வரும்; அதனால் தடையை மீறி ஓரமாக நிற்கலாம் என்று நினைக்காதீர்கள். மார்ச், ஏப்ரலில் தண்ணீர் நூலாகிவிடும். கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு போக நெல் சாகுபடிக்காக ஜூனில் திறக்கும் பாசன மடையை பிப்ரவரிக் கடைசியில் அடைப்பார்கள். அதன் பிறகு தொட்டிப்பாலத் தொட்டியும் காய்ந்துதான் கிடக்கும்.

கேள்வி: சிதறால் மலை ஏறுவது கடினமா?
– வாசகர், தென்காசி

பதில்: கடினம் இல்லை, கல் பாவிய பாதை, அரை மணி நேரம். 9-ஆம் நூற்றாண்டுச் சமணச் சிற்பங்கள் பாறையில் வரிசையாக இருக்கின்றன. காலை எட்டு மணிக்குள் மேலே இருங்கள், பத்துக்கு மேல் பாறை கொதிக்கும். தண்ணீர் மார்த்தாண்டத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஊருக்கு என்ன வாங்கிப் போகலாம்?
– வாசகி, கோவை

பதில்: வண்ண மணல் பொட்டலம் வேண்டாம். மட்டிப்பழம் வாங்குங்கள், 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த குமரி மாவட்டத்து வாழை. பழுத்துவிட்டால் நீண்ட பயணம் தாங்காது, செங்காயாகப் பார்த்து எடுங்கள். நேந்திரங்காய் சிப்ஸ் என்றால் தேங்காய் எண்ணெயில் உங்கள் கண் முன்னால் பொரிக்கிற கடையில்.