ஓவிய வகுப்பைத் திருப்பிக் கேட்கலாமா?

கேள்வி: என் மகள் சேலத்தில் ஓர் அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். கால அட்டவணையில் ஓவியம், இசை, தையல் ஆகியவற்றுக்குப் பாடவேளைகள் இருக்கின்றன. ஆனால் அந்த நேரத்தில் கணக்கும் அறிவியலும்தான் நடக்கின்றன. படம் வரைவதில் உயிரையே வைத்திருக்கும் அவள் வாடிப்போகிறாள். பள்ளி மேலாண்மைக் குழுவில் நானும் உறுப்பினர் என்பதால், அடுத்த கூட்டத்தில் இதைப் பேசலாம் என்றிருக்கிறேன். தறி ஓட்டும் என் கணவரோ, "தறியிலிருந்து தப்பிக்கத்தானே பிள்ளையைப் படிக்க வைக்கிறோம்? மறுபடியும் ஊசியும் நூலும் எதற்கு?" என்கிறார். நான் பேசுவது சரிதானா?
ஒரு வாசகி, அம்மாபேட்டை, சேலம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கட்டாயம் பேசுங்கள். எதைச் சொல்லிக் கேட்பது என்பதில்தான் கொஞ்சம் கவனம் வேண்டும்.

நான் பல ஆண்டுகள் பெண்கள் பள்ளியில் கணித ஆசிரியையாக இருந்தவள். உங்கள் மகளின் பள்ளியில் இன்று நடப்பதை நானும் செய்திருக்கிறேன். அரையாண்டுத் தேர்வு நெருங்கிய ஒரு வாரத்தில், தையல் ஆசிரியையிடம் அடுத்தடுத்த இரண்டு பாடவேளைகளைக் கேட்டு வாங்கி, வட்டத்தின் சுற்றளவை நடத்தினேன். அந்த வேளைகளில் அவர் வட்டமாக விரியும் அம்பரெல்லா பாவாடை வெட்டக் கற்றுத்தர இருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. இடுப்புச் சுற்றளவு 66 செ.மீ. என்றால் ஆரம் 10.5 செ.மீ.; துணியை நான்காக மடித்து, மடிப்பு மூலையில் டேப்பின் நுனியை வைத்து, தையலுக்கு விடும் அளவைக் கழித்துக்கொண்டு, கால்வட்டம் போட்டு வெட்டினால் இடுப்பு வளைவு வந்துவிடும். நான் கரும்பலகையில் போட்டதும் அதே வட்டம்தான். என் மாணவிகள் சூத்திரத்தைப் பிழையில்லாமல் எழுதினார்கள். ஆனால் ஆரத்தில் ஒரு செ.மீ. தவறினால் இடுப்பில் ஆறு செ.மீ.க்கு மேல் தவறிப்போகும் என்பதைக் கத்திரி பிடித்த கையால் அறியும் வாய்ப்பை அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டவள் நான். அது இன்றும் என்னை உறுத்துகிறது.

உங்கள் கணவரின் பேச்சைத் தடையாக நினைக்காதீர்கள். அந்த அச்சத்துக்கு நம் மாநிலத்தில் ஆழமான வேர் இருக்கிறது. இதே சேலத்தில் வழக்கறிஞராக இருந்து, 1917-இல் நகராட்சித் தலைவரும் ஆன ராஜாஜி, முதலமைச்சராக இருந்தபோது 1953-இல் கொண்டுவந்த திட்டப்படி, தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியிலும் மீதி நேரம் பெற்றோரின் தொழிலிலும் கழிக்க வேண்டியிருந்தது. குலக்கல்வி என்று பெயர் பெற்று எதிர்ப்பைச் சந்தித்த அந்தத் திட்டம், 1954-இல் காமராசர் முதலமைச்சரானதும் கைவிடப்பட்டது. நெசவாளியின் பிள்ளை நெசவுக்கே என்று எழுதிவைப்பதை மறுத்தவர்களின் வழியில்தான் உங்கள் கணவரும் பேசுகிறார். அதில் நியாயம் உண்டு.

ஆனால் ஓவிய வகுப்பு அவளைத் தறிக்கு அனுப்பாது. துளையிட்ட அட்டைகளைக் கொண்டு வடிவம் நெய்யும் ஜக்கார்டு தறியில், சேலையின் முந்தானையில் ஒரு மாங்காய் விழுவதற்கு முன், யாரோ ஒருவர் அதைக் கட்டம் போட்ட தாளில் வரைந்திருக்கிறார். ஒவ்வொரு கட்டமும் பாவும் (நீள நூல்) ஊடையும் (குறுக்கு நூல்) சந்திக்கும் ஒரு புள்ளி; எந்தக் கட்டத்தில் பாவு மேலே வர வேண்டுமோ அதற்கேற்ப அட்டையில் துளை விழுகிறது. இன்று பல இடங்களில் இதைக் கணினியில் போடுகிறார்கள் என்றாலும், வளைவைக் கட்டங்களாகப் பிரித்துப் பார்க்கும் கண் ஒருவருக்கு இருந்தாக வேண்டும். உங்கள் கணவர் நெய்வது வேறு எவரோ வரைந்த வடிவமாகத்தான் இருக்கும். அந்த வரைகிறவரின் இடத்தில் தன் மகள் இருக்கக்கூடும் என்பதை அவர் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்.

இனி, கூட்டத்தில் சொல்லக் கூடாத ஒரு காரணம். "பெண் பிள்ளைகள், நாளைக்கு இன்னொரு வீட்டுக்குப் போகிறவர்கள், தையலும் பாட்டும் தெரிந்திருக்க வேண்டாமா?" என்று யாரேனும் உங்களுக்கு ஆதரவாக எழுந்து பேசலாம். தயவுசெய்து அந்த ஆதரவை ஏற்காதீர்கள். 1960-களின் தொடக்கத்திலேயே, பெண் கல்விக்கான பாடத்திட்டத்தை ஆராய்ந்த ஹன்சா மேத்தா குழு, ஆணுக்கு ஒன்றும் பெண்ணுக்கு ஒன்றுமாகப் பாடத்திட்டத்தைப் பிரிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. அதை ஏற்றுக்கொண்ட கோத்தாரி கல்விக் குழு (1964-66), மனையியலைப் பெண்களுக்குக் கட்டாயமாக்க வேண்டாம் என்றும், இசைக்கும் நுண்கலைகளுக்கும் தாராளமாக வசதி செய்ய வேண்டும் என்றும், கணிதமும் அறிவியலும் படிக்கப் பெண்களை ஊக்குவிக்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. கணக்கா, கலையா என்று பேச்சு திரும்பினால், இரண்டையும் சேர்த்தே கேட்டார்கள் என்று நீங்கள் எடுத்துச் சொல்லலாம்.

சட்டமும் ஓரளவு உங்கள் பக்கம் இருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, ஆறு முதல் எட்டு வரையான வகுப்புகளில் நூறு பேருக்கு மேல் படிக்கும் பள்ளியில் கலைக்கல்வி, உடற்கல்வி, தொழிற்கல்வி ஆகியவற்றுக்குப் பகுதிநேர ஆசிரியர்கள் இருக்க வேண்டும். 2012-இல் நம் அரசுப் பள்ளிகளில் 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். வாரத்தில் மூன்று அரைநாள் வேலை, தொடக்கத்தில் மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியம். இவ்வளவு குறைந்த நேரத்துக்கே வரும் ஒருவரின் வேளையையும் வேறு பாடத்துக்கு எடுத்துக்கொண்டால் மிஞ்சுவது என்ன? உங்கள் பள்ளியில் அப்படி யார் இருக்கிறார்கள், எந்த நாள்களில் வருகிறார்கள், அந்த நாள்களில் எந்த வகுப்புக்குப் போகிறார்கள் என்ற மூன்றை மட்டும் முதலில் கேளுங்கள். ஒன்பதாம் வகுப்புக்கு இந்தச் சட்டம் நேரடியாகப் பொருந்தாது என்பதால், அங்கே உரிமை பேசாமல், வாரத்தில் ஒரு நாளாவது இரண்டு வேளைகளைச் சேர்த்து ஒதுக்கித் தரும்படி வேண்டிக்கொள்ளுங்கள். நாற்பது நிமிடத்தில் வண்ணம் குழைப்பதற்குள் மணி அடித்துவிடும். பேசியது தீர்மானப் பதிவேட்டில் எழுதப்படுகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இசை பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ்த்தாய் வாழ்த்தைக் காலை வணக்கத்தில் நம் பிள்ளைகள் மோகன ராகத்தில் பாடுகிறார்கள். தாங்கள் பாடுவது ஐந்தே சுரங்கள் கொண்ட ஒரு ராகம் என்பதைச் சொல்லித்தர ஆளில்லாமல் அவர்கள் பள்ளியை முடித்துவிடுவது எனக்குப் பெரும் மனக்குறை.

உங்கள் மகளுக்கு, பள்ளி மனம் மாறும்வரை காத்திருக்க வேண்டிய அவசியமில்லை. அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் தொழில்நுட்பத் தேர்வில் ஓவியத்துக்குக் கீழ்நிலை, மேல்நிலை என இரு படிகள் உண்டு; முதலாவதற்கு அவள் இப்போதே பழகத் தொடங்கலாம். பள்ளிக் கல்வித் துறையின் கலைத் திருவிழாவில் பெயர் கொடுக்கச் சொல்லுங்கள். பத்தாம் வகுப்பை முடித்தால், உங்கள் ஊரிலேயே 1960 முதல் இருக்கும் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனத்தில் மூன்றாண்டுப் பட்டயப் படிப்பு இருக்கிறது. மேல்நிலைக் கல்விக்குப் பின் என்றால் சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின் கலைக் கல்லூரிகள், ஆடை வடிவமைப்புப் படிப்புகள் எனப் பல வழிகள். எதையும் இப்போதே முடிவு செய்துவிடாதீர்கள். கணக்கையும் விட்டுவிட வேண்டாம்.

கூட்டத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கட்டம் போட்ட ஒரு தாளை அவளிடம் கொடுத்து, வீட்டில் இருக்கும் ஒரு சேலைக்கரையைக் கட்டங்களாக வரையச் சொல்லுங்கள். வரைந்ததை அவள் தன் அப்பாவிடம் கொண்டுபோய், "இதை வைத்து அட்டை அடிக்க முடியுமா, எங்கே தவறியிருக்கிறது?" என்று கேட்கட்டும். பிழையைக் காட்டித்தர உங்கள் வீட்டில் அவரைவிடத் தகுந்தவர் இல்லை.