நோட்டீஸ் கொடுத்தாகிவிட்டது, அப்புறம்?

மொழியாலோ மதத்தாலோ இனத்தாலோ எண்ணிக்கையில் குறைந்த மக்களிடம் நோய் ஏன் முற்றிய பிறகே கண்டுபிடிக்கப்படுகிறது, அதை மாற்ற நாம் என்ன செய்யலாம் என்று பலர் எழுதியிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, ஏழு கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

எங்கள் மக்கள் பேசும் மொழியிலேயே நோட்டீஸ் அடித்து வீடு வீடாகக் கொடுத்தோம். பரிசோதனைக்கு வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். எங்கே தப்பு செய்தோம்?

இதே அனுபவம் எனக்கும் உண்டு. யாருமே வராத ஒரு முகாமுக்கு மறுநாள், நோட்டீஸ் கொடுத்த வீடுகளுக்குத் திரும்பப் போய்க் கதவைத் தட்டினேன். முதல் வீட்டில் இருந்த அம்மா நோட்டீஸை நாலாக மடித்துப் பத்திரமாக வைத்திருந்தார். அதில் இருந்ததை வரி விடாமல் சொன்னார். "அப்புறம் ஏன்மா வரவில்லை?" என்றேன். "காலையில் பத்து மணியிலிருந்து ஒரு மணி வரைதானே போட்டிருந்தீர்கள்? நான் ஆறு மணிக்கு வேலைக்குப் போனால் நாலு மணிக்குத்தான் வருவேன்" என்றார். அடுத்த வீட்டில் அடையாள அட்டை கேட்பார்களோ என்ற பயம். அதற்கடுத்த வீட்டில், பெண் மருத்துவர் இருப்பாரா என்று தெரியவில்லை. நோய் பற்றித் தெரியாமல் வராதவர் ஒருவர்கூட இல்லை.

அடுத்த முகாமை மாலை ஐந்து மணிக்கு வைத்தோம். அட்டை எதுவும் வேண்டாம், பெண் மருத்துவர் இருப்பார், அரை மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று நோட்டீஸின் முதல் வரியிலேயே போட்டோம். கூட்டம் வந்தது.

வேல்ஸில் சுரங்கத் தொழிலாளர்களிடையே வேலை பார்த்த ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற மருத்துவர் 1971லேயே இதை எழுதிவிட்டார். நல்ல மருத்துவம் யாருக்கு மிகவும் தேவையோ, அவர்களுக்கே அது மிகக் குறைவாகக் கிடைக்கிறது என்றார். அந்த மக்களுக்கு அறிவு இல்லை என்று அவர் சொல்லவில்லை. விழிப்புணர்வு என்றதும் நாம் மக்களின் தலைக்குள் எதையோ திணிக்கப் பார்க்கிறோம். அவர்கள் வாசல் வரை வந்து திரும்பிப் போகிற காரணத்தை முதலில் கேளுங்கள்.

ஆண்டுதோறும் முகாம் நடத்துகிறோம். சுகர், பிரஷர், மார்பகப் பரிசோதனை எல்லாம் செய்கிறோம். இது போதுமா?

முகாமில் சந்தேகம் என்று சொல்லி அனுப்பிய பெண்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் உண்மையில் பெரிய மருத்துவமனைக்குப் போனார்கள், எத்தனை பேர் சிகிச்சையை முடித்தார்கள்? இந்த மூன்று எண்களும் உங்களிடம் இருந்தால் போதும் என்பேன். பெரும்பாலான முகாம்களில் வந்தவர்களின் எண்ணிக்கை மட்டுமே இருக்கும்.

நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் ஹெரால்ட் ஃப்ரீமன் என்ற அறுவை மருத்துவர் இருந்தார். அவரிடம் வந்த மார்பகப் புற்றுநோயாளிகளில் பெரும்பாலோர் ஏழைக் கறுப்பினப் பெண்கள். 1986 வரையான சுமார் இருபது ஆண்டுக் கணக்கைப் பார்த்தால், பாதிப் பேர் நோய் மூன்றாம், நான்காம் கட்டத்தை எட்டிய பிறகே வந்திருந்தார்கள். ஐந்து ஆண்டு உயிரோடு இருந்தவர்கள் 39 சதவீதம்தான். இலவசப் பரிசோதனையைத் தொடங்கியவர், 1990ல் இன்னொன்றும் செய்தார். பரிசோதனையில் சந்தேகம் என்று வந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் துணையாக ஒருவரை நியமித்தார். அந்தத் துணை ஆள் சீட்டு வாங்கித் தருவார், எந்த அறைக்குப் போக வேண்டும் என்று காட்டுவார், காப்பீட்டுப் படிவத்தை நிரப்புவார், அடுத்த தேதியில் ஆள் வரவில்லை என்றால் விசாரிப்பார். 1995 முதல் 2000 வரை சிகிச்சை பெற்றவர்களில் ஐந்து ஆண்டு உயிரோடு இருந்தவர்கள் 70 சதவீதம்.

இடைப்பட்ட காலத்தில் மருந்துகளும் மேம்பட்டிருந்தன, அதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஆனாலும், முகாமுக்கான பணம் கொஞ்சம்தான் இருக்கிறது என்றால், பந்தலைச் சின்னதாக்கிவிட்டு அந்தத் துணை ஆளுக்குச் சம்பளம் கொடுங்கள் என்றுதான் சொல்வேன்.

எங்கள் பெரியவர்கள் ஆஸ்பத்திரி என்றாலே, "நம்மை வைத்துச் சோதனை செய்வார்கள்" என்கிறார்கள். இந்த மூடநம்பிக்கையை எப்படிப் போக்குவது?

மூடநம்பிக்கை என்ற சொல்லை விட்டுவிடுங்கள். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், டஸ்கீகி என்ற ஊரை ஒட்டி, 1932 முதல் 1972 வரை அரசின் பொதுச் சுகாதாரத் துறையே இப்படி ஒரு சோதனை நடத்தியது. சுமார் 600 கறுப்பின ஆண்கள், அவர்களில் 399 பேருக்கு சிஃபிலிஸ் என்ற பால்வினை நோய். நோயைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். 1947 வாக்கில் பென்சிலின்தான் இதற்கான மருந்து என்று நிலைபெற்ற பிறகும் கொடுக்கவில்லை. அரசு மன்னிப்புக் கேட்க 1997 வரை ஆனது.

அதனால் அவநம்பிக்கை உள்ள பெரியவரிடம் வாதம் செய்யாதீர்கள். "உங்களுக்கு என்ன நடந்தது?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். பல நேரம் பெரிய வரலாறெல்லாம் வராது. வரிசையில் நின்றபோது அவர் பெயரைக் கேலியாக உச்சரித்தார்கள், மனைவியின் பிரசவத்தில் ஒருவர் கத்தினார், இப்படி ஏதாவது ஒன்று வரும். அதைச் சரிசெய்வது மருத்துவமனையின் வேலை. பெரியவருக்குப் பாடம் எடுப்பதற்கு முன்னால் சீட்டு கொடுக்கும் இடத்தில் இருப்பவருக்கு எடுக்க வேண்டும்.

மருத்துவர் பேசும் மொழி என் அம்மாவுக்குத் தெரியாது. பன்னிரண்டு வயது மகள்தான் மொழிபெயர்க்கிறாள். பரவாயில்லையா?

வேண்டாம். பாட்டிக்குப் புற்றுநோய் என்பதை ஒரு குழந்தை தன் வாயால் சொல்லும்படி ஆகிவிடும். பேத்தி முன்னால் உங்கள் அம்மா மாதவிடாய் பற்றியோ ரத்தப்போக்கு பற்றியோ பேசவும் மாட்டார். தொலைபேசி வழியாகவாவது பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா என்று மருத்துவமனையில் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். கிளம்பும் முன், மாத்திரையை எப்போது, எப்படிச் சாப்பிடுவீர்கள் என்று அம்மாவையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். "புரிந்ததா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டத்தான் செய்வார்கள்.

ஒரு மக்களுக்கு அதிகமாகவும் இன்னொரு மக்களுக்குக் குறைவாகவும் நோய் வருகிற இந்த வித்தியாசமெல்லாம் பரம்பரையால்தானே? விழிப்புணர்வு என்ன செய்யும்?

சிலவற்றில் பரம்பரைக்குப் பங்கு உண்டு. ஆசிய மக்களில் பலருக்கு உடல் எடை அவ்வளவு கூடாமலே சர்க்கரை நோய் வந்துவிடுகிறது. அதனால் 2004ல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் உடல் நிறைக் குறியீட்டில் பொதுவாக 25 என்று வைத்திருக்கும் எல்லையோடு, ஆசியர்களுக்கு 23லிருந்தே கவனம் தேவை என்று சேர்த்தது.

ஆனால் கருவியே தவறு செய்தால்? விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கும் பல்ஸ் ஆக்சிமீட்டரை, ரத்தத்தை நேரடியாகப் பரிசோதித்த முடிவுகளோடு மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2020ல் ஒப்பிட்டார்கள். கருவி சரி என்று காட்டியும் உண்மையில் ஆக்சிஜன் ஆபத்தான அளவுக்குக் குறைந்திருந்தது வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம். கரிய தோலில் கருவி தவறுவதற்குப் பரம்பரையைக் குறை சொல்ல முடியாது. கரிய தோல் உள்ளவருக்கு மூச்சு வாங்கினால், எண் நன்றாக இருக்கிறதே என்று வீட்டிலேயே உட்காராதீர்கள்.

கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை என்றால் எங்கள் பெண்கள் யாரும் முன்வருவதில்லை.

உள்பரிசோதனை என்றால் கூச்சம் வரத்தான் செய்யும். இந்தப் புற்றுநோய்க்குக் காரணமான ஹெச்பிவி என்ற கிருமியைக் கண்டறியும் சோதனைக்கு, அந்தப் பெண்ணே தனியறையில் மெல்லிய குச்சியால் மாதிரி எடுத்துக் கொடுக்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல் இதை ஏற்கிறது. பொதுவாக 30 வயதிலிருந்து செய்துகொள்ளலாம். உங்கள் பகுதியில் இந்த வசதி உண்டா என்று கேட்டுவிட்டு, உங்கள் சமூகத்தைச் சேர்ந்த, தானே ஒருமுறை செய்துகொண்ட ஒரு பெண்ணைப் பேசச் சொல்லுங்கள். அவர் பத்து நிமிடம் பேசினால் போதும்.

நான் மருத்துவம் படித்தவன் இல்லை, முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறேன். என்னால் என்ன முடியும்?

இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. லாஸ் ஏஞ்சலிஸில் கறுப்பினத்தவர் நடத்தும் 52 முடிதிருத்தகங்களில், பிரஷர் கட்டுக்குள் வராத 319 வாடிக்கையாளர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்து, 2018ல் முடிவு வந்தது. சில கடைகளில் கடைக்காரர் அறிவுரை சொல்லி, டாக்டரைப் பார்க்கச் சொன்னார். மற்ற கடைகளுக்கு மருந்தாளுநர் ஒருவரே வந்து, அங்கேயே அளந்து, மருத்துவரின் ஒப்புதலோடு மருந்து கொடுத்தார். ஆறு மாதத்தில் அறிவுரைக் கடைகளில் மேல் அளவு 9 புள்ளி குறைந்தது. மருந்தாளுநர் வந்த கடைகளில் 27.

எனவே உங்கள் பகுதி செவிலியரிடமோ மருந்தாளுநரிடமோ பேசி, வாரம் ஒரு நாள் கடைக்கு வர முடியுமா என்று கேளுங்கள். அதுவரை மேல்கையில் கட்டும் நல்ல பிரஷர் மெஷின் ஒன்று வையுங்கள். வந்தவுடன் அளக்காதீர்கள், ஐந்து நிமிடம் உட்காரட்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், கால் தரையில் பட வேண்டும், கை நெஞ்சின் உயரத்தில் மேசை மேல் இருக்க வேண்டும். சட்டைக் கைக்கு மேல் பட்டையைச் சுற்றக் கூடாது. அளக்கும்போது நீங்களும் பேசாதீர்கள், அவரையும் பேச விடாதீர்கள். உங்கள் கடையில் இதுதான் கஷ்டமாக இருக்கும். ஒரு நிமிடம் விட்டு மறுபடி அளந்து, இரண்டையும் எழுதிக் கையில் கொடுங்கள். 180க்கு 120ஐத் தாண்டி, கூடவே நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், பேச்சுக் குழறல், கை கால் மரத்துப் போவது என்று எதுவும் இருந்தால், முடி வெட்டுவதைப் பாதியில் விட்டாலும் பரவாயில்லை, உடனே அவசரப் பிரிவுக்கு அனுப்புங்கள்.