டியூப் காம்போ ஆம்ப்: டெமோவை நம்பி வாங்கலாமா?

எலக்ட்ரிக் கிதார் வாசிப்பவர்கள் இம்முறை நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். ஏறக்குறைய எல்லோருக்கும் ஒரே குழப்பம்தான்: டியூப் காம்போ ஆம்ப் வாங்க ஆசை, கேட்டுப் பார்க்க வீடியோ டெமோவைத் தவிர வேறு வழியில்லை, ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் இருந்தால் அது காம்போ. டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடி வால்வுகள் ஒலியைப் பெருக்கினால் அது டியூப் ஆம்ப். விலை அதிகம், எடையும் அதிகம். அதனால் கொஞ்சம் விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப் டெமோக்களைப் பல மாதங்களாகப் பார்த்து வருகிறேன். எல்லாவற்றிலும் ஒலி அவ்வளவு இதமாக இருக்கிறது. நண்பரின் அறையில் அதே ஆம்பில் என் கிதாரைச் செருகி, வால்யூமை 2-இல் வைத்து வாசித்தேன். ட்ரெபிள் காதைக் குத்தியது, ஒலியில் சதையே இல்லை. ஆம்பில் கோளாறா, என் வாசிப்பிலா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இரண்டிலும் இருக்காது. நீங்கள் எழுதிய ‘வால்யூம் 2’ என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

டீலக்ஸ் ரிவெர்ப் 1963-இல் வந்த வடிவமைப்பு. 22 வாட், 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று, பவர் டியூபாக, அதாவது ஸ்பீக்கரை இயக்கும் கடைசி வால்வாக, 6வி6 இரண்டு. மொத்தச் சத்தத்தைத் தனியே குறைக்கும் மாஸ்டர் வால்யூம் கிடையாது. ‘நார்மல்’, ‘வைப்ரேட்டோ’ என்று இதில் இரண்டு சேனல் உண்டு. ‘வைப்ரேட்டோ’ சேனலின் வால்யூம் கண்ட்ரோலோடு ஒரு சிறிய கெப்பாசிட்டர் நிரந்தரமாக இணைந்திருக்கிறது. அது உயர் அதிர்வெண்களை மட்டும் குறுக்கு வழியில் கடத்திவிடும். வால்யூம் குறைவாக இருக்கும்போதுதான் அதன் வேலை அதிகம் தெரியும். குமிழைக் கூட்டக் கூட்ட மற்ற அதிர்வெண்களும் வந்து சேர்ந்துவிடுவதால் கூர்மை அடங்கிவிடும். டெமோ செய்பவர் பெரும்பாலும் 4, 5 என்று வைத்து, 6வி6 டியூப்களில் ஒலி லேசாக உடையத் தொடங்கும், அதாவது இதமாகச் சிதையத் தொடங்கும், இடத்தில் வாசிக்கிறார். அந்த இதம் அங்கிருந்து வருவது. உங்களுக்குக் கிடைத்தது அதே ஆம்பின் இன்னொரு முகம்.

காதின் இயல்பும் இதில் சேர்கிறது. ஒலி மெல்லியதாக இருக்கும்போது மனிதக் காது தாழ்ந்த சுரங்களைக் குறைவாகவே உணரும் என்பதை ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டினார்கள். எந்த ஆம்பாக இருந்தாலும் மெதுவாக வாசித்தால் மெலிந்து கேட்பதற்கு இது ஒரு காரணம்.

அடுத்தது மைக். வீடியோவில் உங்களை வந்தடைந்தது அறையின் ஒலி அல்ல, ஸ்பீக்கர் துணிக்கு இரண்டொரு அங்குலத்தில் நின்ற மைக் கேட்ட ஒலி. பலர் பயன்படுத்துவது 1965-இல் வந்த ஷூர் எஸ்எம்57. அதை ஸ்பீக்கரின் நடுவிலிருந்து விளிம்பு பக்கம் ஓர் அங்குலம் நகர்த்தினாலே ட்ரெபிள் குமிழைத் திருகியது போல ஒலி மாறும். இதற்குப் பிறகு ஈக்யூ (உயர், தாழ் சுரங்களைக் கூட்டிக் குறைப்பது), கம்ப்ரஷன் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்வது), சில சமயம் கூடுதல் ரிவெர்ப் (எதிரொலி), பின்னணியில் டிரம்ஸும் பாஸும். கடைசியில் அதை நீங்கள் கேட்பது ஃபோனின் ஸ்பீக்கரில். கிதாரின் தடித்த இ தந்தியின் அடிப்படை அதிர்வெண் சுமார் 82 ஹெர்ட்ஸ். ஃபோன் ஸ்பீக்கரால் அதைச் சரியாக எழுப்பவே முடியாது.

நண்பரின் ஆம்பை இன்னொரு முறை வாசித்துப் பாருங்கள். இந்த முறை ‘நார்மல்’ சேனலில் செருகுங்கள். அதில் அந்தக் கெப்பாசிட்டர் இல்லை, ரிவெர்ப்பும் இல்லை. ட்ரெபிளை 4-க்குக் கீழே இறக்குங்கள். ஸ்பீக்கருக்கு நேர் எதிரே உட்காராதீர்கள், ஏனென்றால் 12 அங்குல ஸ்பீக்கர் உயர் சுரங்களை டார்ச் வெளிச்சம் போல நேராகத்தான் பாய்ச்சும். பிறகு, வீட்டில் ஆளில்லாத நேரமாகப் பார்த்து, 5 வரை ஏற்றி வாசியுங்கள். அந்த ஒலிக்கு உங்கள் வீட்டில் இடம் இருக்கிறதா என்பதே இந்த ஆம்பை வாங்குவதற்கு முன் நீங்கள் முடிவு செய்ய வேண்டியது. இடமில்லை என்றால், உலகமே புகழ்ந்தாலும் இது உங்களுக்கான ஆம்ப் அல்ல.

கேள்வி: அப்படியானால் டெமோ வீடியோக்களையே ஒதுக்கிவிட வேண்டுமா? எதை நம்புவது?
– வாசகர், திருச்சி

பதில்: ஒதுக்க வேண்டாம். நல்ல டெமோ செய்பவர்கள் இருக்கிறார்கள். பேச்சும் வாசிப்பும் அறையில் வைத்த ஒரே மைக்கில் பதிவாகியிருந்தால் அந்த டெமோவுக்கு நான் முதலிடம் தருவேன். வாசிப்பவரின் குரலோடு ஒப்பிட்டு ஆம்ப் எவ்வளவு சத்தம் என்று உங்களால் ஊகிக்க முடியும். குமிழ்கள் எந்த எண்ணில் இருக்கின்றன என்று காட்டுகிறாரா, பெடல் இல்லாமல் வாசிக்கிறாரா, கிதாரின் வால்யூமைக் குறைத்தும் கூட்டியும் காட்டுகிறாரா என்று கவனியுங்கள். வாசிப்பை நிறுத்தியதும் ஆம்பின் இரைச்சலைக் கேட்க விடுகிறாரா என்பதும் முக்கியம். பலர் அந்த இடத்தை வெட்டிவிடுகிறார்கள். வாங்குபவருக்கு வெட்டிய பகுதிதான் அதிகம் தேவை.

இரண்டு ஆம்பை ஒப்பிடும் வீடியோக்களில் ஒரு பொறி உண்டு. ஒன்று மற்றதைவிட ஓரிரு டெசிபல் சத்தமாக இருந்தாலே காது அதைத்தான் ‘நல்ல ஒலி’ என்று தேர்ந்தெடுக்கும். சத்த அளவைச் சமப்படுத்தினேன் என்று சொல்லாத ஒப்பீட்டை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

இன்னொன்று எந்த வீடியோவிலும் வராது: விரலுக்குக் கீழே ஆம்ப் எப்படி நடந்துகொள்கிறது என்பது. டீலக்ஸ் ரிவெர்ப்பில் ஏசி மின்சாரத்தை டிசி ஆக்குவதற்கும் ஒரு டியூப் இருக்கிறது. ஓங்கி அடித்தால் மின்னழுத்தம் ஒரு கணம் சரிந்து மீளும். அந்தத் தொய்வு தந்தியை இழுக்கும் விரலுக்குத் தெரியும். ஃபெண்டரின் ப்ளூஸ் ஜூனியரில் அந்த வேலையை டயோடு செய்வதால் பதில் இன்னும் சுருக்கென்று வரும். இதற்காகவே கிதார்காரர்கள் சண்டை போட்டுக்கொள்வார்கள். இரு தரப்பும் பொய் சொல்லவில்லை, அவரவர் கைக்குப் பழகியதைச் சொல்கிறார்கள்.

கேள்வி: 15 வாட் போதும் என்கிறார் ஒருவர், 40 வாட் இல்லாமல் மேடை ஏறாதே என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: வாட் இரட்டிப்பானால் சத்தம் 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க வாட் ஏறக்குறைய பத்து மடங்காக வேண்டும். ஆகவே 15 வாட் வாக்ஸ் ஏசி15-க்கும் 30 வாட் ஏசி30-க்கும் சத்தத்தில் உள்ள இடைவெளி பெயர் சொல்வதைவிடச் சிறியது. ஒலி உடையாமல் எவ்வளவு தூரம் போகலாம் என்பதில்தான் வேறுபாடு. டிரம்மருக்கு ஈடுகொடுத்துத் துல்லியமான கிளீன் ஒலி வேண்டும் என்றால் அதிக வாட் உதவும். லேசாக உடைந்த ஒலி பிடிக்கும், மேடையில் மைக் வைத்து பிஏ-வில் (அரங்கின் பொது ஒலிபெருக்கியில்) விடுவார்கள் என்றால் 15 வாட் தாராளம். 40 வாட் என்று சொன்னவர் பெரும்பாலும் மைக் வைக்காத மேடைகளில் வாசிப்பவராக இருப்பார். கேட்டுப் பாருங்கள்.

வீட்டுக்கு 15 வாட்டே அதிகம். ஒரு வாட்டுக்கு 98 டெசிபல் தரும் ஸ்பீக்கரில் 20 வாட் செலுத்தினால் ஒரு மீட்டரில் 111 டெசிபல் வரும். 100 டெசிபலில் 15 நிமிடத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்பது அமெரிக்கப் பணியிட நல ஆய்வு நிறுவனமான நையோஷின் பரிந்துரை. காதுக்கு மாற்று கிடைக்காது.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஃபெண்டர் 2019-இல் கொண்டுவந்த டோன் மாஸ்டர் டீலக்ஸ் ரிவெர்ப்பில் டியூபே இல்லை, எல்லாம் டிஜிட்டல். எடை அசலின் பாதியை ஒட்டித்தான் வரும். பின்னால் உள்ள சுவிட்சில் வெளியீட்டை 0.2 வாட் வரை இறக்கலாம். டியூப் பக்தர்கள் இதைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். இரவு பத்து மணிக்கு வாசிப்பவருக்கு, 2-ஐத் தாண்டாத அசலைவிட இது அதிகம் கொடுக்கும் என்பது என் கருத்து.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து அக்கா வரும்போது ஒரு காம்போ வாங்கி வரச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். ‘கன்வெர்ட்டர் போட்டால் போதும்’ என்கிறார்கள். சரியா?
– வாசகர், சென்னை

பதில்: அவசரப்படாதீர்கள். அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்காவுக்காகச் செய்த ஆம்பை நம் சுவரில் நேரடியாகச் செருகினால் ஃபியூஸ் போவது மிகச் சிறிய நஷ்டம். டியூப்களும் பவர் டிரான்ஸ்ஃபார்மரும் சேர்ந்து போகலாம்.

ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டு ஓட்டலாம், ஆனால் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். ‘22 வாட்’ என்பது ஸ்பீக்கருக்குப் போகும் அளவு. சுவரிலிருந்து ஆம்ப் இழுப்பது அதைவிடப் பல மடங்கு, அந்த அளவு பின்பலகையில் எழுதியிருக்கும். அதைப் போல இரு மடங்கு தாங்கும் டிரான்ஸ்ஃபார்மர் வாங்குங்கள். இரண்டாவது, பின்பலகையில் 60 ஹெர்ட்ஸ் மட்டும் போட்டிருந்தால் 50 ஹெர்ட்ஸில் அதன் டிரான்ஸ்ஃபார்மர் கூடுதலாகச் சூடாகும். 50/60 என்று இருந்தால் கவலையில்லை.

மூன்றாவதுதான் உயிர் சம்பந்தப்பட்டது. மலிவான கன்வெர்ட்டர்கள் பலவற்றில் எர்த் கம்பி தொடர்ச்சியே இருக்காது. கிதார் தந்திகள் கேபிள் வழியாக ஆம்பின் உலோகச் சட்டத்தோடு இணைந்தவை. எர்த் இல்லாத நிலையில் உள்ளே ஒரு கசிவு ஏற்பட்டால் அது தந்திக்கு வரும், தந்தியிலிருந்து உங்கள் கைக்கு வரும். மறு கை மைக்கைத் தொட்டால் சுற்று முழுமையாகிவிடும். எலக்ட்ரீஷியனை வைத்து, சுவரின் எர்த்திலிருந்து ஆம்பின் சட்டம் வரை தொடர்ச்சி இருக்கிறதா என்று மீட்டரில் பார்த்த பிறகே கிதாரைச் செருகுங்கள்.

வேறு நாட்டில் வாங்கியதற்கு வாரண்டியும் பெரும்பாலும் இங்கே செல்லாது. இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால், இங்கே விற்கும் 230 வோல்ட் மாடலை வாங்குவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

கேள்வி: டெமோ செய்பவர்கள் காசு வாங்கிக்கொண்டு பேசுகிறார்களா? ஆன்லைனில் வாங்கி, ஒலி பிடிக்காவிட்டால் திருப்பித் தர முடியுமா?
– வாசகர், மதுரை

பதில்: சிலர் வாங்குகிறார்கள், சிலருக்கு ஆம்ப் இலவசமாக வருகிறது. அது குற்றமில்லை, மறைப்பதுதான் தவறு. இந்தியாவில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் வெளியிட்ட விளம்பர வழிகாட்டு நெறிகளின்படி, பொருளைப் பரிந்துரைப்பவர் நிறுவனத்தோடு தனக்குள்ள தொடர்பை வெளிப்படுத்த வேண்டும். இலவசப் பொருளும் அந்தத் தொடர்பில் சேரும். அமெரிக்காவிலும் இதே போன்ற விதி உண்டு.

திருப்பித் தருவதில் ‘பழுது’ வேறு, ‘பிடிக்கவில்லை’ வேறு. பழுதான பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப வாங்க மறுப்பது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. கடைக்காரர் மறுத்தால் 1915 என்ற தேசிய உதவி எண்ணை அழையுங்கள். ஆனால் ஒலி பிடிக்கவில்லை என்பதற்கு அந்தச் சட்டம் துணை வராது. ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரிட்டனிலும் ஆன்லைனில் வாங்கியதை 14 நாளுக்குள் வேண்டாம் என்று சொல்ல உரிமை இருக்கிறது. இங்கே கடையின் சொந்தக் கொள்கைதான் எல்லாம். பணம் கட்டும் முன் அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: பழைய ப்ளூஸ் ஜூனியர் ஒன்று விலைக்கு வருகிறது. நேரில் போய் என்ன பார்க்க வேண்டும்?
– வாசகர், புதுச்சேரி

பதில்: உங்கள் கிதாரையும் நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் கேபிளையும் எடுத்துப் போங்கள். விற்பவரின் விலையுயர்ந்த கிதாரில் கேட்ட ஒலி உங்கள் வீட்டுக்கு வராது. அரை மணி நேரம் ஓடவிடுங்கள். சூடான பிறகு முறியும் ஒலி, படபடப்பு, சத்தம் தானாக ஏறி இறங்குவது இவையெல்லாம் அப்போதுதான் தலைகாட்டும். வீட்டில் வாசிக்கும் அளவிலும் மேடை அளவிலும் வாசியுங்கள். ஒவ்வொரு குமிழையும் முழுக்கத் திருகுங்கள். கரகரப்பு மட்டும் என்றால் பெரும்பாலும் சுத்தம் செய்தாலே போகும்.

இந்த ஆம்பில் பவர் டியூபாக ஈஎல்84 இரண்டு, அதற்கு முன்னால் வேலை செய்யும் சிறிய ப்ரீஆம்ப் டியூபாக 12ஏஎக்ஸ்7 மூன்று. டியூபுக்குள் ஆரஞ்சு நிற ஒளி இயல்பானது. ஈஎல்84-இன் வெளித்தகடே சிவந்து ஒளிர்ந்தால் உடனே அணைக்கச் சொல்லுங்கள், அது பழுது. 12ஏஎக்ஸ்7 மீது பென்சிலால் மெல்லத் தட்டினால் ஸ்பீக்கரில் மணி போல ஒலித்தால் அந்த டியூப் மாற்ற வேண்டியது. இதற்காக ஆம்பை வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை, விலையைக் குறைத்துக் கேட்கலாம். பவர் டியூப் தேயும் பொருள். அடிக்கடி மேடையேறும் ஆம்பில் ஓரிரு ஆண்டில் மாற்ற வேண்டிவரும், 12ஏஎக்ஸ்7 நீண்ட காலம் தாங்கும். இன்று கிதார் ஆம்புக்கான டியூப் செய்பவர்கள் ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனா என்று விரல்விட்டு எண்ணக்கூடிய சில இடங்களில்தான் இருக்கிறார்கள். 2022-இல் ரஷ்யச் சரக்கு தடைப்பட்டபோது விலை ஏறியதும் அதனால்தான். பேரம் பேசும்போது ஒரு செட் டியூபின் இன்றைய விலையை விசாரித்து வைத்திருங்கள்.

பின்பலகையைக் கழற்ற விற்பவர் சம்மதித்தாலும் டியூபைப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்களில் ஆளைக் கொல்லும் அளவு வோல்டேஜ் தங்கியிருக்கும். உலோகச் சட்டத்தைத் திறப்பது டியூப் ஆம்ப் தெரிந்த டெக்னீஷியனின் வேலை. முடிந்தால் அவரையே உடன் அழைத்துப் போங்கள்.