ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தை தேறிவிட்டது. அப்புறம் எதற்கு இரண்டு வருடத்துக்கு மேல் மருந்து?

குழந்தைகளுக்கு அதிகம் வரும் ரத்தப் புற்றுநோயில் முதல் மாத சிகிச்சையிலேயே பெரும்பாலும் காய்ச்சல் விட்டு, முகம் தெளிந்துவிடும். பரிசோதனையில் நோய் அணுக்கள் தென்படாத இந்த நிலைக்குப் பெயர் ரெமிஷன். குணமாகிவிட்டது என்று அர்த்தம் இல்லை.

கோரைப் புல்லை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே அறுத்துவிட்டால் தோட்டம் சுத்தமாகத்தான் தெரியும். கிழங்கு மண்ணுக்குள் இருக்கும். அதுபோல உடம்புக்குள் ஒளிந்திருக்கும் நோய் அணுக்களை ஒழிக்கத்தான் இவ்வளவு நீண்ட மருந்து.

1947-இல் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் தொடங்கிய அமினோப்டெரின் சிகிச்சையில் 16 குழந்தைகளில் 10 பேர் தேறினார்கள். (மருந்தைத் தயாரித்தது எல்லாப்பிரகட சுப்பாராவின் குழு, அவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர்.) சில மாதங்களிலேயே நோய் திரும்பியது. கிழங்குதான்! 1960-களில் மெம்பிஸில் டொனால்ட் பிங்கல் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தார். வழக்கமான மருந்து சரியாக எட்டாத மூளைக்கும் தனியாகச் சிகிச்சை கொடுத்தார். ஏறக்குறைய பாதிப் பேர் பிழைத்தார்கள். இன்று வசதியுள்ள நாடுகளில் 10-க்கு 9 பேர்.

ஆராய்ச்சிப் பணம் புது மருந்துக்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். இந்த ஏற்றத்தில் பெரும்பங்கு, ஏற்கெனவே கையிலிருந்த மருந்துகளை எந்த அளவில், எந்த வரிசையில் கொடுப்பது என்று வருடக்கணக்கில் ஒப்பிட்டுப் பார்த்ததில் வந்தது.