உதவிப் பயிற்சியாளர் பதவியை ஏற்கலாமா?

கேள்வி: ஆறு வருடங்களாக ஒரு கால்பந்து அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராக இருக்கிறேன். ஆடிய காலத்தில் நான் பெரிய பெயர் எடுத்தவன் இல்லை. அணி இப்போது மேல் டிவிஷனுக்குப் போகிறது. நிர்வாகம் வெளியிலிருந்து பிரபலமான ஒருவரைக் கொண்டுவந்து, என்னை அவருக்கு உதவியாளராக இருக்கச் சொல்கிறது. அவமானமாக இருக்கிறது. விலகிவிடலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: வளர்த்த அணியை இன்னொருவர் கையில் கொடுப்பது வலிக்கத்தான் செய்யும். ஆனால் ராஜினாமா எழுதுவதற்கு முன், அமெரிக்காவின் சியாட்டில் நகரத்துக் கால்பந்துப் பயிற்சியாளர் பிரையன் ஷ்மெட்ஸரைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். உங்களுக்கு நேர்ந்தது அவருக்கும் நேர்ந்தது.

பள்ளி முடித்த கையோடு 1980-இல் சொந்த ஊர் அணியான சியாட்டில் சவுண்டர்ஸில் சேர்ந்தார். 1983-இல் அந்த க்ளப் மூடப்பட்டது. துல்சா நகர அணிக்குப் போனார். 1984 சீசனோடு, இந்த அணிகள் ஆடிய வட அமெரிக்க கால்பந்து லீக்கே நின்றுபோனது. அப்புறம் சான் டியாகோ, டகோமா, செயின்ட் லூயிஸ் என்று ஊர் ஊராக இன்டோர் கால்பந்து ஆடினார். பக்கத்துக்கு ஆறு பேர், சுவரில் பட்டுத் திரும்பும் பந்து. அந்த லீக்கும் 1992-இல் போய்விட்டது. இப்போது அமெரிக்காவின் முதல்நிலை லீக்காக இருக்கும் எம்.எல்.எஸ். தொடங்கியது 1996-இல். அதற்குள் அவருடைய ஆட்டக்காலம் முடிந்திருந்தது. அந்தத் தலைமுறை அமெரிக்க வீரர்கள் பலர் பெயர் எடுக்காமல் போனதற்குத் திறமைக் குறைவு மட்டும் காரணமில்லை, ஆட இடமே இல்லை. உங்களைப் பற்றி நீங்கள் எழுதியிருக்கும் வரியையும் இதை மனதில் வைத்து மறுபடி படித்துப் பாருங்கள்.

2002-இல், பழைய பெயரிலேயே மறுபடி உருவாகி இரண்டாம் நிலை லீக்கில் ஆடிக்கொண்டிருந்த சவுண்டர்ஸுக்குத் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். 2005, 2007 இரண்டு வருடமும் கோப்பை. 2009-இல் சவுண்டர்ஸ் எம்.எல்.எஸ்ஸில் நுழைந்தது. தலைமைப் பதவி சிகி ஷ்மிட்டுக்குப் போனது, ஷ்மெட்ஸர் உதவியாளர் ஆனார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஷ்மிட் வெறும் பெயருக்காக வந்தவர் இல்லை. 2002-இல் லாஸ் ஏஞ்சலஸ் கேலக்ஸி, 2008-இல் கொலம்பஸ் க்ரூ என்று இரண்டு அணிகளுக்கு எம்.எல்.எஸ். கோப்பை வாங்கித் தந்தவர். அந்த லீக்கின் நெளிவுசுளிவு அவருக்குத் தெரியும், ஷ்மெட்ஸருக்குப் புதிது. ஷ்மிட்டுக்குப் பக்கத்தில் ஷ்மெட்ஸர் ஏழு வருடத்துக்கு மேல் வேலை செய்தார். அதற்குள், எல்லா நிலை அணிகளும் மோதும் யு.எஸ். ஓப்பன் கோப்பை நான்கு முறை வந்தது.

2016 ஜூலையில் அணி சரிந்து கிடந்தது. 20 ஆட்டத்தில் 20 புள்ளிதான். ஷ்மிட் விலக, ஷ்மெட்ஸரை இடைக்காலப் பொறுப்பில் வைத்தார்கள். அதே வாரம் உருகுவே வீரர் நிக்கோலஸ் லொடெய்ரோ வந்து சேர்ந்ததும் பெரிய பலம், மறுப்பதற்கில்லை. ஆனால் அடுத்த 14 ஆட்டத்தில் இரண்டில் மட்டும் தோற்ற அணியை நடத்தியவர் ஷ்மெட்ஸர். டிசம்பரில் டொரன்டோவில் எம்.எல்.எஸ். இறுதி ஆட்டம். 120 நிமிடத்திலும் சியாட்டில் ஒரு பந்தைக்கூட கோலை நோக்கிச் சரியாக அடிக்கவில்லை. கோலி ஸ்டெஃபான் ஃப்ரை காப்பாற்றினார், பெனால்டியில் கோப்பை வந்தது. 2019-இல் மறுபடியும் எம்.எல்.எஸ். கோப்பை. 2022-இல் வட, மத்திய அமெரிக்க, கரீபிய க்ளப்களுக்கான கான்ககாஃப் சாம்பியன்ஸ் லீக்கையும் வென்றார்கள்.

எல்லாருக்கும் இப்படி அமையும் என்று நான் சொல்லமாட்டேன். பொறுத்திருந்தவர்களில் வாய்ப்பே வராதவர்களும் உண்டு. அதனால் பதவியின் பெயரை விடுங்கள், உங்களுக்கு என்ன வேலை தரப்போகிறார்கள் என்பதைப் பாருங்கள். இந்த வாரமே புதியவரிடம் நேரில் பேசுங்கள். எந்தப் பயிற்சி என் பொறுப்பு, எதிரணி ஆட்டத்தை யார் அலசுவது, ஆட்களைத் தேர்வு செய்யும்போது நான் இருப்பேனா என்று கேளுங்கள். பதில் தெளிவாக இருந்து, அவரிடம் கற்றுக்கொள்ள விஷயமும் இருந்தால் ஒரு சீசன் இருந்து பாருங்கள். பந்து எடுத்துப் போடுவது, கூம்பு அடுக்குவது மட்டும்தான் உங்கள் வேலை என்றால் தயங்காமல் வேறு அணி தேடுங்கள். எந்தப் பக்கம் முடிவெடுத்தாலும், அதை உங்கள் பையன்களிடம் நீங்களே சொல்லுங்கள்.